பொட்டு வைத்த பேட்டரி

கரண்ட் போனால் நீங்கள் எல்லாரும் தீப்பெட்டியையோ டார்ச்சையோ தேடுவீர்கள். எனக்கு முதலில் விரல் நுனிகள் துடிக்கும். பாதி தட்டிய வரி ஒன்று கையிலிருந்து நழுவிக் கிணற்றில் விழுந்தது போல இருக்கும். என் வயதுக்காரர்களுக்குத்தான் இதைச் சொல்ல முடியும். அந்தக் காலத்துக் கரண்டோடு குடித்தனம் நடத்தியவர்கள் நீங்கள்தானே. இப்போது என் மேசைக்கடியில் ஒரு பெட்டி இருக்கிறது. மின்சாரம் நின்றால் கீச்சென்று கத்திவிட்டுத் தன் பாட்டுக்குக் கம்ப்யூட்டரை ஓட்டிக்கொண்டிருக்கிறது. என் மகள் அதன்மேல் காலை வைத்துக்கொண்டு உட்காருகிறாள். எனக்கு மட்டும் அது கத்தும் ஒவ்வொரு முறையும் அந்த ஒரு கோடை வந்துவிடுகிறது.

எண்பதுகளின் பிற்பகுதி. நான் எட்டாவது முடித்திருந்தேன். இண்டூருக்கும் பாப்பாரப்பட்டிக்கும் நடுவே எங்கள் மல்பெரிக் காடு. காட்டிலேயே ஓட்டு வீடு, அதை ஒட்டிப் பட்டுப்புழு வளர்க்கிற நீளக் கொட்டகை. அப்பாவும் அம்மாவும் கைநாட்டு; எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு அன்றும் கூச்சமில்லை, இன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் வாசகம் படிக்க நான் எழுந்து போகும்போது அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, யார் யார் பார்க்கிறார்கள் என்று இரண்டு பக்கமும் திரும்பிப் பார்ப்பாள்.

ஊர்ப் பள்ளிக்கூடம் எட்டாவதோடு முடிந்துவிடும். ஒன்பதாவது என்றால் தருமபுரிக்குப் போய் ஹாஸ்டலில் தங்க வேண்டும். அப்பாவுக்கு அதில் இஷ்டமில்லை.

"லெட்டர் படிக்குது, பஸ் போர்டு படிக்குது. அதுக்கு மேல படிச்சி யாருக்குக் காட்டப் போவுது?" என்பார். கோபமாகக்கூடச் சொல்ல மாட்டார். வெயில் அடிக்கிறது என்று சொல்கிற மாதிரிச் சொல்வார்.

அம்மாவின் தம்பி, என் மாமா, பெங்களூரில் ஓர் அதிகாரி வீட்டில் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த வீட்டுக்காரர்கள் வெளிநாட்டுக்குக் கிளம்பும்போது, வேண்டாததையெல்லாம் வேலைக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். மாமாவின் பங்குக்கு வந்தது ஒரு கம்ப்யூட்டரும், கையடக்கமான கறுப்பு வெள்ளை டிவி ஒன்றும். சித்திரை மாதத்தில் ஒருநாள் இரண்டையும் கோணிப்பையில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு வந்து இறங்கினார்.

கம்ப்யூட்டர் என்றதும் இப்போதைய பெட்டியை நினைக்காதீர்கள். ஒரு சிலேட்டு அளவுதான். மேலே ரப்பர் பொத்தான்கள். அழுத்தினால் ஈரமான பன்றித்தோல் மாதிரி உள்ளே போய்த் திரும்பி வரும். டிவியோடு சேர்த்தால்தான் எழுத்து தெரியும். தட்டியதைப் பதிந்து வைக்க டேப் ரெக்கார்டர் வேண்டும். அதைப் பாட்டுக் கேட்க அந்த வீட்டுப் பிள்ளைகளே வைத்துக்கொண்டார்கள். ஆகவே கரண்ட் இருக்கிறவரைதான் அதற்கு நினைவு. போனால் எல்லாம் போச்சு.

கூடவே ஓர் இங்கிலீஷ் புத்தகம். அதைப் படிக்க வீட்டில் என்னைத் தவிர ஆளில்லை. புழுக்கொட்டகையின் மூலையில், மூங்கில் தட்டுகளுக்கு நடுவே, மண்ணெண்ணெய் டின்மேல் டிவியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். புழுக்கள் மல்பெரித் தழையைத் தின்கிற சரசரப்பு பகல் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கும். பச்சைத் தழை வாசனையும் புழுவின் எச்சத்து வாசனையும் சுண்ணாம்புத் தூள் நெடியும் அந்த ரப்பர் பொத்தான்களில் ஏறிவிட்டன. வாரம் ஒன்றில் நான் அதைக் கூட்டச் சொன்னேன், கழிக்கச் சொன்னேன், 'இது இருந்தால் அதைச் செய், இல்லாவிட்டால் இதைச் செய்' என்று சொல்லக் கற்றுக்கொண்டேன்.

அப்புறம் மோட்டார் போடுவார்கள்.

கிணற்று மோட்டார் ஓட ஆரம்பித்ததும் கொட்டகை பல்பு தணலாகச் சிவக்கும். டிவிப் படம் நாலு பக்கமும் உள்ளே சுருங்கி ஒரு தீப்பெட்டி அளவுக்கு வரும். மிசின் எல்லாவற்றையும் மறந்துவிட்டு, முதல் நாள் பள்ளிக்கு வந்த பிள்ளை மாதிரி வெறும் திரையோடு நிற்கும். மறுபடி முதலிலிருந்து தட்ட வேண்டும். பாதியில் கரண்டே போய்விடும். ஆத்திரம் தாங்காமல், கரண்ட் போகும்போதும் வரும்போதும் அடுப்புக்கரியால் சுவரில் கோடு கிழித்து நேரத்தையும் பக்கத்தில் எழுதி வைப்பேன். சுண்ணாம்படித்த சுவர். "செவுத்த ஏண்டி கரியாக்குற?" என்று அம்மா திட்டாத நாளில்லை. அந்தக் கோடையில் எனக்கு உட்காரவும் முடியவில்லை, எழவும் முடியவில்லை. சாப்பிடும்போதுகூட ஒரு காது மோட்டாரின்மேல்தான்.

அந்த மோட்டாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிணறு எங்களுக்கும் பக்கத்துக் காட்டுக்காரருக்கும் பொது. அவரை நான் பெரியப்பா என்பேன். அவர்கள் அம்மன் கும்பிடுகிறவர்கள், நாங்கள் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். ஆனாலும் கூப்பிடுவது அப்படித்தான். ஒருநாள் அவர்கள் முறை, ஒருநாள் எங்கள் முறை. யாருடைய முறையோ அவர் கையில் மோட்டாரின் பீஸ் கட்டை இருக்கும்; அதைச் செருகாமல் மோட்டார் ஓடாது. சாயங்காலம் அதை அடுத்தவர் கையில் கொடுத்துவிட வேண்டும். தண்ணீர் நிறைய இருந்தவரை இதில் சண்டை வந்ததில்லை. அந்த வருடம் கிணறு இறங்கிவிட்டது. போதாததற்கு, பெரியப்பாவின் முறையன்றே பார்த்துப் பார்த்துக் கரண்ட் போனது.

தினமும் சாயங்காலம் வாய்க்கால் தலைப்பில் இதே பேச்சுத்தான்.

"எம் முறையில கரண்டே இல்ல தம்பி. அது எப்புடி முறையாவும்?"

"நாள் போனா போனதுதான்ணா. எங்க நாள்ல கரண்ட் போனா நீங்களா குடுப்பீங்க?"

"ஒங்க நாள்லதான் போறதே இல்லியே. ஈபிக்காரனுக்கு என்னா மாமன் மச்சான் ஒறவா?"

"ஆமா, அடுத்த தடவ ஒங்களுக்கும் பொண்ணு பாக்கச் சொல்றேன்."

சிரிப்பார்கள். அடுத்த நாள் சிரிப்பு குறையும். அதற்கடுத்த நாள் மண்வெட்டியைத் தரையில் ஓங்கி வைப்பார்கள்.

இப்போது வேறு வீட்டில் கார் ஓட்டிக்கொண்டு, விடுமுறையில் வந்திருந்த மாமா ஒரு ஞாயிறு இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு அந்த மிசின்மேல் பெரிய நம்பிக்கை. தான் சுமந்துவந்தது குப்பை இல்லை என்று அப்பாவுக்குக் காட்ட வேண்டிய அவசரமும் இருந்தது. அப்பா அதை 'ஒங்க தொரை வூட்டு எச்சி' என்றுதான் சொல்வார்.

"இத மிசினுகிட்ட வுடுங்க" என்றார் மாமா. "பாப்பா கணக்குப் போட்டுக் குடுக்கும். யாரு நாள்ல எவ்வளவு நேரம் கரண்ட் இருந்துச்சின்னு பாத்து, யாருக்குக் கொறவுன்னு அது சொல்லிடும்."

பெரியப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இவரு மக எழுதுனா இவரு பக்கந்தான பேசும்?"

"மிசினுக்கு அப்பன் யாருன்னு தெரியாதுங்க."

அப்பா சிரித்தார். கரிக்கோடு போட்டது அவர் மகள், தட்டப்போவது அவர் மகள். அவருக்கு என்ன பயம்? "சரிண்ணா. அது சொன்னா ரெண்டு பேரும் கட்டுப்படணும்" என்றார்.

மாமா உடனே நூலைப் பிடித்துக்கொண்டார். "அப்ப இன்னொண்ணு மச்சான். மிசினு ஒழுங்கா வேல செஞ்சி சொல்லிட்டா, பாப்பா ஒம்பதாவது போவணும்."

"போவட்டும் போ." குடித்தவனிடம் பேசுகிற குரலில்தான் அப்பா சொன்னார்.

"நான் கேட்டுக்கிட்டேன் தம்பி" என்றார் பெரியப்பா.

மாமாவுக்கு அடுத்த லீவு கிடைக்கிற ஞாயிறு என்று முடிவானது. சுவரில் இருந்த கோடுகளை நாள்வாரியாகப் பிரித்துக் கூட்டினேன். விடியற்காலையில், மோட்டார் போடும் முன், முழுக்கத் தட்டி முடித்து ஓட்டிப் பார்த்தேன். பதில் வந்தது. பெரியப்பாவுக்கு எங்கள் முறைகளில் மூன்றைத் தொடர்ந்து தர வேண்டும்.

தப்பாகத் தட்டிவிட்டேன் என்று நினைத்தேன். மறுநாளும் தட்டினேன். மூன்றுதான். அப்பா சொல்வது போல நாளைக் கணக்கில் எடுத்தால் யாருக்கும் பாக்கியில்லை. ஆனால் பேசி ஒப்புக்கொண்டது நேரத்தைத்தான். கொட்டகையில் புழு கடைசித் தோலை உரித்து எழுந்து, அள்ளிப் போடுவதையெல்லாம் விழுங்குகிற நேரம் அது. மூன்று முறை தண்ணீர் இல்லாவிட்டால் எங்கள் மல்பெரி என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா?

யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு ஒரே ஓர் எண்ணம்: அது மிசினின் வாயால் வந்துவிட வேண்டும். நான் சொன்னால் அப்பனுக்கு எதிராகப் பேசியவள் ஆவேன். மிசின் சொன்னால் மிசின் சொன்னது. நானும் ஒன்பதாவது போய்விடுவேன். அதற்கு அந்த ஞாயிற்றுக்கிழமை, இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்கிற அந்தக் கொஞ்ச நேரம், மிசின் உயிரோடு இருக்க வேண்டும். அந்த ஞாயிறோ எங்கள் முறை. மோட்டார் ஓடும்.

"அரை மணி நேரம் மோட்டார நிறுத்துங்கப்பா" என்று கேட்டேன்.

"தண்ணிய நிறுத்திட்டுத் தண்ணிக்குக் கணக்குப் பாக்குறதா? நல்லாருக்கு" என்றார்.

வழி சொன்னது மாமாதான். டிவிக்குப் பின்னாலேயே பேட்டரி மாட்ட ஓட்டை இருந்தது. கம்ப்யூட்டருக்கு ஒன்பது வோல்ட் போதும். வண்டி பேட்டரி பன்னிரண்டு. நடுவில் ஒரு சின்னப் பெட்டி வைத்துக் குறைத்துவிட்டால், கரண்ட் இருக்கும்போது கரண்டிலும், தாழ்ந்தால் பேட்டரியிலும் ஓடும். அந்தப் பெட்டியை இண்டூரில் ரேடியோ ரிப்பேர்க் கடையில் செய்யச் சொல்லிவிட்டுப் போனார்.

பேட்டரிக்குப் பெரியப்பாவின் டிராக்டர்தான். மழை வராமல் அது வேப்பமரத்தடியில் சும்மா நின்றது. "எடுத்துக்க பாப்பா. பேட்டரி எங்க வண்டிதுன்னு மிசினுக்குச் சொல்லி வையி, கொஞ்சம் எம் பக்கமும் பேசட்டும்" என்றார். நான் சிரிக்கவில்லை. சிரிக்கிற மாதிரி வாயை வைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிறு பூசையில் என்ன வாசகம் படித்தேன் என்று எனக்கு நினைவில்லை. வீடு திரும்பும்போது மாமா சைக்கிள் கேரியரில் கோணி போட்டுப் பேட்டரியைக் கட்டி உருட்டிக்கொண்டு வந்தார். கொட்டகையில் இறக்கி வைத்தோம். பழைய பேட்டரி. மேலெல்லாம் கிரீசும், வெள்ளையும் பச்சையுமாகப் பூத்த உப்பும். கூட்டல் குறி, கழித்தல் குறி எதுவும் தெரியவில்லை. இரண்டு முனைகளில் ஒன்றில் மட்டும் ஆயுத பூசைக்கு வைத்த குங்குமம் கிரீசோடு இறுகிச் சிவப்பாக ஒட்டியிருந்தது.

பூசைக்கு முன்னும் பின்னுமாக நான் ஐந்தாறு தடவை தட்டி, ஐந்தாறு தடவை இழந்திருந்தேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பெரியப்பா கட்டிலைக் கொண்டுவரச் சொல்லி உட்கார்ந்தார். அப்பா தழைக்கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார். அம்மா சின்னப் பாட்டிலில் தீர்த்தத்தோடு வந்தாள். மிசின்மேல் ஒரு துளி தெளிக்க வேண்டுமாம்.

"தண்ணி கிட்டக் கொண்டாராதம்மா" என்று கத்திவிட்டேன். அவள் சுவரில் தெளித்துவிட்டுப் போனாள்.

ரிப்பேர்க் கடைப் பெட்டியிலிருந்து இரண்டு ஒயர்கள் வந்தன. ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு. மாமா சிவப்பு ஒயரைக் குங்குமம் இருந்த முனையில் சுற்றப் போனார்.

"மாமா, அது பிளஸ்ஸான்னு எப்புடித் தெரியும்?"

"செவப்பா இருக்குது பாரு."

"உப்புத் தண்ணியில ரெண்டு ஒயரையும் வுட்டுப் பாத்துடலாம் மாமா. எதுல நெறைய குமிழி வருதோ அது மைனஸ். சயின்ஸ் புக்குல இருக்குது."

"பேட்டரிய எனக்குச் சொல்லித் தரியா? நீ பொறக்கறதுக்கு முன்னாடியிருந்து வண்டி ஓட்டுறேன்."

"மாமன் செய்யட்டும். நீ தட்டற வேலைய பாரு" என்றார் அப்பா.

இப்போது யோசித்தால் மாமாமேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் கார் ஓட்டினார். பேட்டரியை மெக்கானிக் பார்த்துக்கொண்டான். மச்சான் எதிரில் 'தெரியாது' என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான். பெங்களூரிலிருந்து வந்தவர் உப்புத் தண்ணீரில் ஒயரை நனைத்துப் பார்க்கலாமா?

சிவப்பைச் சிவப்பில் சுற்றினார். கறுப்பைத் தொட்டதும் 'சிர்'ரென்று ஒரு சத்தம். பெட்டிக்குள் ஏதோ பட்டாசுத் திரி போல எரிந்தது. கம்ப்யூட்டரின் பொத்தான்களுக்கு இடையிலிருந்து நூல் மாதிரிப் புகை எழுந்து, நேராக மேலே போய், கூரை ஓட்டில் முட்டிப் பரவியது. மீன் கருகின மாதிரி ஒரு நெடி. மாமா ஒயரைப் பிடுங்கி எறிந்தார். டிவி மட்டும் கரண்டில் ஓடிக்கொண்டு, சுருங்கிய கட்டத்துக்குள் வெள்ளைப் புள்ளிகளைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தது.

புழுக்கள் தின்றுகொண்டிருந்தன.

நான் எழுந்து போய்க் கண்ணாடிப் பாட்டில் ஒன்றில் உப்புத் தண்ணீர் கலக்கிக்கொண்டு வந்தேன். ஏன் செய்தேன்? எனக்கு அது தெரிந்தாக வேண்டும். பேட்டரியின் இரண்டு முனையிலும் வெறும் ஒயரைச் சுற்றி நுனிகளைத் தண்ணீரில் விட்டேன். குங்கும முனையின் ஒயரிலிருந்து குமிழிகள் சோடா மாதிரி பொங்கின. இன்னொரு ஒயர் பச்சையும் கறுப்புமாக மாறியது.

பெரியப்பா குனிந்து பார்த்தார். "அப்ப பொட்டு இருக்கறது மைனஸ்ஸா?"

"ஆமாங்க பெரியப்பா."

"பிளஸ் பக்கம் வண்டியில ரப்பர் மூடி மாட்டியிருக்கும். எங்கூட்டுக்காரி மூடியில்லாத பக்கமா பாத்து வெச்சிருக்கா." மாமாவைப் பார்த்தார். "அவ பொட்டு வெச்சது சாமிக்குங்க மாப்ள, கரண்ட்டுக்கு இல்ல." பிறகு சுவரில் ஈரமாக இருந்த இடத்தைக் காட்டினார். "எங்க பொட்டு ஒரு பக்கம், ஒங்க தீர்த்தம் ஒரு பக்கம். நடுவுல மிசினு என்னா பண்ணும், பாவம்."

அப்பாதான் முதலில் சிரித்தார். மாமாவும் சிரித்தார், முகம் மட்டும் கறுத்திருந்தது. மிசின் சொன்னால்தான் ஒன்பதாவது. மிசின் இனி எதுவும் சொல்லாது.

சிரிப்பு அடங்கியதும் பெரியப்பா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"செரி பாப்பா. நீ காலையில இருந்து தட்டிக்கிட்டுத்தான இருந்த. அது உசுரோட இருந்திருந்தா என்ன சொல்லியிருக்கும்?"

அப்பாவைப் பார்த்தேன். அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, மகள் தன் பக்கந்தான் பேசுவாள் என்று நம்புகிற அப்பனாக, நிம்மதியாகத் தலையாட்டினார். 'தெரியாதுங்க பெரியப்பா, பாதியிலேயே போயிடிச்சி' என்று சொல்ல எல்லாமே தயாராக இருந்தது. யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். கருகின நெடிகூட எனக்குச் சாட்சி சொல்லியிருக்கும். ஆனால் வீட்டில் கணக்குத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நானே தெரியாது என்று சொன்னால் அதைத் தெரிந்துகொள்ள அங்கே வேறு ஆளில்லை.

"ஒங்களுக்கு மூணு முறை தரணும் பெரியப்பா. இன்னையில இருந்து" என்றேன்.

அப்பாவின் கை கழுத்திலேயே நின்றது.

"யாருடி சொன்னது?"

"கணக்குப்பா. மூணு தடவ போட்டுப் பாத்துட்டேன்."

அவர் சுவரைப் பார்த்தார். நான் கிழித்த கரிக்கோடுகள் அவருக்கு வெறும் கரிக்கோடுகள்தான். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். மோட்டார் சத்தம் நின்றது. கொட்டகை பல்பு பளிச்சென்று வெளுத்தது. டிவித் திரை நாலு மூலைக்கும் விரிந்து, உள்ளே ஒன்றுமில்லாமல் பிரகாசமாக எரிந்தது.

"ஏம்மா பாப்பா, கொஞ்சம் பாத்துச் சொல்லக் கூடாதா?" என்றார் பெரியப்பா தாழ்ந்த குரலில். ஜெயித்தது அவர். "ஒங்கப்பனுக்குப் புழு எழுந்து நிக்குதே."

அப்பா திரும்பி வந்து பீஸ் கட்டையை அவர் கையில் வைத்தார். "மூணுண்ணா. எண்ணிக்குங்க."

"ஒண்ணு போதும் தம்பி. மீதிய மழை வந்தப்பறம்..."

"மூணுன்னா மூணுதான்."

மாமா மறுநாள் முதல் பஸ்ஸுக்குச் செத்த மிசினைக் கோணியில் சுற்றிக்கொண்டு கிளம்பினார். படிப்பைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை. பந்தயம் தோற்றவர் எப்படிக் கேட்பார்? அதன் ரப்பர் பொத்தான்களை இன்னொரு முறை தொட்டுப் பார்த்திருக்கலாம் என்று பிற்பாடு பல தடவை நினைத்திருக்கிறேன். டிவி எங்களோடு தங்கியது.

மல்பெரி வரிசையாக வாடியது. நானும் அம்மாவும் தெரிந்தவர்கள் காட்டிலெல்லாம் தழை கேட்டு அறுத்துத் தலையில் சுமந்து வந்தோம். போதவில்லை. சில தட்டுகளை அப்பா குப்பைக்குழியில் கொட்டினார். மிஞ்சிய புழுவும் மெல்லிசாகத்தான் கூடு கட்டியது. அவர் என்னோடு பேசவில்லை. நான் எதிரில் நிற்கும்போதே அம்மாவைப் பார்த்து, "அவள அந்தத் தட்டக் கழுவச் சொல்லு" என்பார். பள்ளி திறக்கிற நாள் நெருங்கியது. நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன இருந்தது? நடக்கிறபோது நடந்துகொண்டே இருந்தேன், உட்கார்ந்தால் எழுந்தேன், ராத்திரி புரண்டேன்.

கூடுகளை விற்க அப்பா தருமபுரிக்குப் போன அன்று திரும்பி வர வெயில் சாய்ந்துவிட்டது. நான் கொட்டகைக்குப் பின்னால் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். வாசலில் அம்மா கேட்டாள்.

"ஏங்க, இவ்ளோ நேரம்? கூடு போவலையா?"

"கூடு காலையிலேயே போயிடுச்சி. ஹாஸ்டலுக்குப் போயிட்டு வரேன்."

அம்மா குடத்தைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது.

"பெத்த அப்பன் பக்கம் பேசாதவள வூட்ல வெச்சிக்கிட்டு நான் என்ன பண்றது?" என்றார் அப்பா. "சேத்துட்டேன். போயி அங்க கணக்குப் பாக்கட்டும்."

அந்தக் குரலில் கோபம் இருந்தது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நான் தட்டை வைத்துவிட்டு ஓடிப் போகவில்லை. மிச்சமிருந்ததையும் கழுவிக் கவிழ்த்தேன். பிறகு உள்ளே போய் அவருக்குச் சோறு போட்டேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்க்காமல் சாப்பிட்டார். தண்ணீர்ச் செம்பைத் தூக்கும்போது பார்த்தேன். இடது கைப் பெருவிரலில், நகக்கண் வரைக்கும், ஊதா மை.